கேட்டுச் சொல்லு

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் "யாரக் கேட்டு எழுதுன?" என்று வந்து நிற்பாள். அவள் வந்து நின்றால் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

ஒரகடம் பக்கத்தில், கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்கிற ஒரு கொரியக் கம்பெனியில் அவள் லைன் லீடர். நான் அங்கே மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. அவள் நாற்பதைத் தாண்டியிருந்தாள். நான் மேற்குத் தாம்பரம், அவள் பீர்க்கன்கரணை. இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனி பஸ். முதல் நாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், பஸ் படப்பையைத் தாண்டுவதற்குள் என் அப்பாவின் வேலை, அம்மாவின் சர்க்கரை, எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கடைசியாக, "'காலு நோவுது'ன்னு அவுங்க பாஷையில எப்டி சொல்றது?" என்றாள்.

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மறுநாள் கொரிய மேனேஜர் லைனைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தபோது, கையில் ஒயரோடு நிமிர்ந்து, அந்த வாக்கியத்தை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். உச்சரிப்பு படுமோசம். ஆனால் அவருக்குப் புரிந்தது. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை செய்த அந்த லைனுக்கு அடுத்த வாரம் ஸ்டூல்கள் வந்தன.

"கேக்கறதுல இன்னா கொறஞ்சிடப் போவுது?" என்பாள். அது அவளுக்கு வாய்ப்பாடு. அவள் கேட்டுக் கேட்டுத்தான் கம்பெனி பஸ் பெருங்களத்தூர் மெயின் ரோட்டிலிருந்து ஏரிப் பக்கம் வரை உள்ளே வர ஆரம்பித்தது. மழைக்காலத்தில் இருட்டோடு இருட்டாக முட்டியளவு தண்ணீரில் நடந்து வந்துகொண்டிருந்த ஏழெட்டுப் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் கேட்பதைக் கொரிய மொழியில் சொல்ல வேண்டியது என் வேலை. நான் பயந்தாங்கொள்ளி. கூரான இடங்களை மழித்துவிட்டுத்தான் சொல்வேன். ஒருநாள் பெண்கள் கழிவறை விஷயமாக, "இவரு பொண்டாட்டி இங்க வந்தா இதுக்குள்ள காலு வெப்பாங்களான்னு கேளு" என்றாள். நான் மேனேஜரிடம், "கழிவறைப் பராமரிப்பைக் கொஞ்சம் கவனிக்க முடியுமா என்று கேட்கிறார்" என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். "நா அவ்ளோ நீட்டமா கேட்டேன். நீ இத்தினிக்கூண்டு சொல்ற. பொண்டாட்டி எங்க போச்சு?"

"அக்கா, அப்படியெல்லாம் சொன்னா தப்பாயிடும்."

"தப்பாவட்டும். நா கேட்டத்த நீ முழுங்கிட்டா, எனுக்கு வர வேண்டிய பதிலையும் சேத்துத்தான முழுங்கிடற?"

அன்றைக்கு மேனேஜரின் மனைவியையும் சேர்த்துத்தான் மொழிபெயர்த்தேன். அவர் காது வரைக்கும் சிவந்து போனார். கழிவறை மாறியது.

அவள் கேட்ட எல்லாமே நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அவள் தெருவில் மாடியில் ஒரு சின்னக் குடும்பம் குடியிருந்தது. புருஷன் அடிப்பான். சத்தம் தெருவுக்கே கேட்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நேராக மாடியேறிப் போய், பத்துப் பேர் பார்க்க அவனைக் கேட்டிருக்கிறாள்: "இன்னாத்துக்குப்பா அந்தப் பொண்ண அடிக்கிற? சொல்லு, நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு வாரம் சத்தமே இல்லை. அடுத்த வாரம் அவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. இங்கேயாவது சத்தம் கேட்க நான்கு பேர் இருந்தார்கள்.

அந்தக் கதையை பஸ்ஸில் என்னிடம் சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க போனாங்கன்னு கேட்டுக்கினேதான் கீறேன்" என்றாள்.

கொரோனாவுக்கு முந்தின வருஷம், எங்களில் ஐந்து பேரை ஆறு வாரப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பினார்கள். மூன்று ஆண்கள், அக்கா, மொழிபெயர்க்க நான். அக்காவுக்கு அதுதான் முதல் விமானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் சுற்றிக் காட்ட வேண்டுமே என்று, பயிற்சிக் கூடத்துக்காரர்கள் எங்களை எல்லைச் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கி அனுப்பிவைத்தார்கள்.

வடகொரியாவும் தென்கொரியாவும் பிரிகிற எல்லை அது. சியோலிலிருந்து ஒன்றரை மணி நேரம் போனால் ஆற்றங்கரையில் ஒரு பெரிய பூங்கா வருகிறது. ராட்டினம், ஐஸ்கிரீம் கடை, பலூன் எல்லாம் இருக்கிறது. அங்கேயிருந்து சுற்றுலா பஸ்ஸில் ஏற வேண்டும். பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி, துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் ஏறி, ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் பார்த்துவிட்டு இறங்கினான். இரண்டு பக்கமும் முள்வேலி. வேலியில் சின்னச் சின்ன முக்கோணத் தகடுகள், கண்ணிவெடி இருக்கிறது என்று எச்சரிக்க. வழிகாட்டிப் பெண் மைக்கில் விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். சொன்ன இடத்தில்தான் போட்டோ எடுக்க வேண்டும். கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது. சிப்பாய்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்ல, அக்கா, "அப்ப இன்னாத்துக்கு இட்டுகினு வந்தாங்க?" என்று கேட்டாள்.

எங்களுக்கு முன் இருக்கையில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு கொரிய அம்மாள். வெள்ளை முடியை வாரி முடிந்து, ஊதா நிறத்தில் நல்ல சட்டை போட்டிருந்தார். கூட அறுபது வயதைத் தாண்டிய மருமகள். முதலில் எங்களைக் கூட்டிப்போன இடம் ஒரு சுரங்கப்பாதை. வடக்கிலிருந்து தெற்கே ரகசியமாகத் தோண்டிக்கொண்டு வந்தது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு செங்குத்தாக இறங்க வேண்டும். அந்த அம்மாளால் இறங்க முடியாது. அக்கா தன் முட்டியைக் காட்டி, தானும் வரவில்லை என்றாள். நாங்கள் இறங்கிப் போய் மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளின் கை அக்காவின் மடியில் இருந்தது. பர்ஸிலிருந்த தன் மகளின் போட்டோவை அக்கா காட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும், "வா, வா. இந்தம்மாவும் இன்னாவோ காட்டறாங்க, எனுக்குப் புரியல. கேட்டுச் சொல்லு" என்றாள்.

அந்த அம்மாள் காட்டியது ஒரு உயரத்தை. தரையிலிருந்து இரண்டரை அடி இருக்கும். கையை அந்த உயரத்தில் அப்படியே வைத்திருந்தார்.

மருமகள்தான் சொன்னாள். கொரியப் போரின் முதல் குளிர்காலத்தில் அவருடைய புருஷன் தெற்கே போய்விட்டார். அவரைத் தேடிக்கொண்டு இந்த அம்மாள் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினார். மூன்று வயது மகளும் இருந்தாள். பனியில் அவ்வளவு தூரம் நடக்க மாட்டாள் என்று மாமியாரிடம் விட்டுவிட்டு, பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்குள் எல்லை மூடிவிட்டது. முதுகில் வந்த குழந்தைதான் மருமகளின் கணவர். அவரும் வளர்ந்து, வாழ்ந்து, நான்கு வருஷம் முன்னால் இறந்துபோனார். மகளின் பெயர் யங்ஜா. உயிரோடிருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பாள். பிரிந்த குடும்பங்களைச் சந்திக்க வைக்க அரசாங்கம் எப்போதாவது குலுக்கல் போடுமாம். இந்த அம்மாளின் பெயர் ஒரு தடவையும் விழவில்லை.

நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை நான் முதல்முறை பார்த்தேன்.

அடுத்தது குன்றின் மேல் ஒரு பார்வைக் கூடம். நீளமாகப் பெரிய பைனாகுலர்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எதிரே வடகொரியா. பச்சை வயல், தாழ்ந்த மலை, தூரத்தில் ஒரு ஊரின் கட்டடங்கள். அந்த ஊரை ஒட்டிய ஒரு கிராமம்தான் அந்த அம்மாளுடையது. அவர் பைனாகுலரில் கண்ணை வைக்கவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, அக்காவைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"அவருக்கு அவ்வளவு தூரம் கண் தெரியாதாம்கா. நீங்க பாத்துச் சொல்லணுமாம்."

அக்கா குனிந்து பார்த்தாள். பார்த்ததைச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாகக் கொரிய மொழியில் சொன்னேன். வயல் இருக்கிறது. தண்ணீர் நிற்கிறது. ஒரு மண் ரோடு. வெள்ளைச் சுவர் வீடுகள்.

"ஆட்கள் இருக்கிறார்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அக்கா பைனாகுலரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். பிறகு, "ஒரு அம்மா கீறாங்க. வயல்ல குனிஞ்சிகினு வேல செய்யறாங்க. தலையில துணி கட்டிகினு கீறாங்க. நல்லாத்தான் கீறாங்க" என்றாள்.

நான் சொன்னேன். அந்த அம்மாள் மெதுவாகத் தலையை ஆட்டினார். பிறகு நானும் பார்த்தேன். எனக்கு வயல்தான் தெரிந்தது. வயலில் இருந்த அந்தப் பெண் அதற்குள் போய்விட்டாளோ என்னவோ.

அக்கா பைனாகுலரை விட்டுவிட்டு நேராக வழிகாட்டிப் பெண்ணிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். "ஒரு லெட்டர் குடுத்தா அந்தாண்ட குடுப்பாங்களா, கேளு." வழிகாட்டிப் பெண் சிரித்த முகம் மாறாமல் முடியாது என்றாள். "போன்?" முடியாது. "இங்கேர்ந்து இவங்க ஆளு, அங்கேர்ந்து அவங்க ஆளு, ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டாங்களா?" வழிகாட்டிப் பெண் என்னைப் பார்த்தாள். "இவர் தெரியாமல் கேட்கிறாரா, இல்லை விளையாடுகிறாரா?" என்று என்னிடம் கேட்டாள். அதை நான் அக்காவுக்குச் சொல்லவில்லை.

கூடத்தின் ஓரத்தில் ஒரு சிப்பாய் காவலுக்கு நின்றிருந்தான். இருபது வயதுதான் இருக்கும். அக்கா அவனிடம் நடக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, வேணாம். அவங்ககிட்ட பேசக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல. நான் மொழிபெயர்க்க மாட்டேன்."

"சரி. நீ வாணாம்" என்றாள். அவனுக்கு முன்னால் போய் நின்று தமிழிலேயே கேட்டாள். "தம்பி, இவங்க கொயந்த அங்க கீது. எழுவது வருஷமா. உனுக்கும் அம்மா இருப்பாங்கல்ல? இவங்க யாரத்தான் போய்க் கேக்கறது, சொல்லு."

அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிரே வயலையே பார்த்துக்கொண்டு, "தயவுசெய்து பின்னால் நகருங்கள்" என்றான். அவள் நகரவில்லை. அவன் மறுபடி அதையே சொன்னான். வழிகாட்டிப் பெண் ஓடி வந்து, பஸ் கிளம்ப எட்டு நிமிஷம்தான் இருக்கிறது என்று எல்லோரையும் திரட்டினாள். நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

திரும்பும் வழியில் அந்த அம்மாள் இருக்கையின் மேலாக எங்கள் பக்கம் திரும்பினார். என்னிடம், "இந்தியர்களுக்கு அந்தப் பக்கத்தோடு சண்டை இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் உங்கள் ஊரிலிருந்து அங்கே கடிதம் போகுமா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியாதுதான். அவர் மருமகளின் பேனாவை வாங்கி, நுழைவுச் சீட்டின் பின்பக்கம் கிராமத்தின் பெயரையும் மகளின் பெயரையும் எழுதினார். என்னிடம் கொடுக்கவில்லை. அக்காவிடம் கொடுத்தார்.

"எல்லாரையும் நீ கேட்டாய். எனக்காக இதையும் கேட்பாயா?" என்றார்.

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். அக்கா சீட்டை வாங்கி, ஜாக்கெட்டுக்குள் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டாள். மருமகளும் நானும் போன் நம்பர்களை மாற்றிக்கொண்டோம்.

தாம்பரம் வந்து சேர்ந்த மறுவாரமே மருமகளிடமிருந்து எனக்கு நீளமான செய்தி வந்தது. தயவுசெய்து எதுவும் அனுப்ப வேண்டாம். தெற்கே சொந்தம் இருக்கிறது என்று தெரிந்தால் அங்கே நாத்தனாருக்கு என்ன நடக்குமோ தெரியாது. மாமியார் வயதானவர், ஆசையில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், "அந்தம்மாவையே கேளு" என்றாள். மருமகள் கேட்டுச் சொன்னாள். அந்த அம்மாளின் பதில் ஒரே வரி: எழுபது வருஷம் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன்.

எங்களோடு பயிற்சிக்கு வந்தவர்கள் மூலமாக விஷயம் மேனேஜர் வரை போயிற்று. என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். "அனுமதி இல்லாமல் வடக்கோடு தொடர்பு வைப்பது எங்கள் நாட்டில் சட்ட விஷயம். கம்பெனி பெயர் எங்கேயும் வரக் கூடாது. வந்தால் உங்கள் இரண்டு பேரையும் என்னால் காப்பாற்ற முடியாது. எனக்கு எதுவும் தெரியாது" என்றார். வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன்.

"வாணாம்னு சொன்னாரா?"

"தெரியாதுன்னு சொன்னார்."

"அப்ப வாணாம்னு சொல்லல."

கடிதத்தை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினோம். அக்கா தமிழில் சொன்னாள். நான் கொரிய எழுத்தில் எழுதினேன். அம்மா என்ற சொல் அதில் வரக் கூடாது, தெற்கு என்று வரக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். அக்கா சொன்னது இவ்வளவுதான்: "நான் இந்தியாவில், தாம்பரத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்கச் சொன்னார். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்." கீழே என் வீட்டு விலாசம்.

தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நார்த்தா, சவுத்தாம்மா?"

"நார்த்து" என்றாள் அக்கா.

அவர் கம்ப்யூட்டரில் தேடினார், எழுந்து போய் இன்னொருவரைக் கேட்டார், திரும்பி வந்தார். "பதிவுத் தபால் வாங்கிக்கலாம்னுதான் இருக்கு. போய்ச் சேருமான்னு என்னால சொல்ல முடியாது."

"போடு சார். போயிட்டு வரட்டும்."

கடிதம் டில்லி போயிற்று. நாட்டை விட்டு வெளியே போய்விட்டது என்று தபால் துறையின் இணையப் பக்கம் காட்டியது. அதற்கப்புறம் எதுவும் காட்டவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் பஸ்ஸில் ஏறியதும் அக்கா, "பாரு" என்பாள். நான் போனில் பார்ப்பேன். "அதேதான்கா." "சரி."

பிறகு கொரோனா வந்தது. எல்லா எல்லையும் மூடியது. மருமகளோடு மட்டும் செய்திகள் இருந்தன. ஏதாவது வந்ததா என்று மாமியார் கேட்பதாக அவள் எழுதுவாள். இன்னும் இல்லை என்று நான் எழுதுவேன். எழுதிவிட்டு அக்காவுக்கு போன் செய்வேன். ஒருமுறை அவள், "நம்ம லெட்டரு போயி, அங்க யாராவது வந்து அந்தப் பொண்ண வெளிய கூப்டு, 'உனுக்கு யாரு இந்தியாவுலேர்ந்து எழுதறாங்க'ன்னு கேட்டிருப்பாங்களா?" என்றாள். நான், "அக்கா, போயே சேர்ந்திருக்காது" என்றேன். எது நல்லது, சேர்ந்திருப்பதா சேராமல் இருப்பதா என்று எங்கள் இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கம்பெனி மறுபடி திறந்தபோது பாதி லைன்கள் இல்லை. அக்காவின் லைனும் போயிற்று. கடைசி நாளன்று அவள் மேனேஜர் அறைக்கு வந்து நின்றாள். "நாங்க இன்னா தப்பு பண்ணோம்னு கேளு."

எதையும் மழிக்காமல் கேட்டேன். மேனேஜர் நீளமாகப் பேசவில்லை. "நீங்கள் எதுவும் செய்யவில்லை. முடிவைக் கொரியாவிலேயே எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் என்னையும் திரும்ப அழைக்கிறார்கள். நான் கேட்டுப் பார்த்தேன்" என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

"அவரே கேட்டாராமா?" என்றாள் அக்கா. பிறகு அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அதற்கடுத்த வருஷம் கொரியப் புத்தாண்டு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முந்தின நாள் மருமகள் எழுதியிருந்தாள். மாமியாரை முதியோர் இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள். நாட்கள் அதிகமில்லை. அந்த இந்தியப் பெண் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஒரு தடவை வீடியோவில் பேச முடியுமா?

நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டியில் பீர்க்கன்கரணை போனேன். அக்கா நல்ல புடவை கட்டி, தலை வாரி, சுவரோரம் நாற்காலி போட்டுத் தயாராக இருந்தாள். "வந்துச்சான்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றாள். என்னைக் கேட்டாள். நான் மருமகளின் நம்பரை அழுத்தினேன்.

திரையில் முதலில் மருமகள் வந்தாள். பிறகு போனைத் திருப்பினாள். கட்டிலில் அந்த அம்மாள். பாதியாகிவிட்டிருந்தார். வாய் உள்ளே போயிருந்தது. அக்கா கை கூப்பினாள். அந்த அம்மாள் திரையை வெகுநேரம் பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ. ஒரு பெண், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், தூரத்திலிருந்து பேசுகிறாள்.

"யங்ஜா?" என்றார்.

மருமகள் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

"யங்ஜா, அங்கே குளிருகிறதா? சாப்பிட்டாயா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "இன்னா கேக்கறாங்க? லெட்டரப் பத்தியா?"

நான் சொன்னேன். எதையும் விழுங்காமல் சொன்னேன். "உங்களைத் தன் மகள்னு நினைச்சிக்கிட்டாங்கக்கா. கடிதம் போய்ச் சேர்ந்து மகள்தான் பேசறான்னு நினைக்கிறாங்க. அங்கே குளிருதா, சாப்பிட்டியான்னு கேக்கறாங்க."

அக்கா முந்தானையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தார். காத்திருப்பதில் அவருக்கு அவசரம் எதுவும் இருக்கவில்லை.

"அம்மா" என்றாள் அக்கா.

அந்த ஒரு சொல்லை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கொரிய மொழியிலும் கிட்டத்தட்ட அதுதான்.

"சாப்ட்டேம்மா. குளுரு இல்ல. நல்லாத்தான் கீறேன். நீ கவலப்படாத."

இதை நான் சொல்ல வேண்டியிருந்தது. கொரிய மொழியில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது வினைச்சொல்லின் முடிவிலேயே தெரிந்துவிடும். அன்றுவரை அந்த அம்மாளிடம் அந்நியர் பெரியவரிடம் பேசும் மரியாதையில்தான் அக்காவின் பேச்சைச் சொல்லியிருக்கிறேன். இப்போது எந்த முடிவு? நான் மருமகளைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. மகள் அம்மாவிடம் பேசுகிற முறையில் சொன்னேன். சாப்பிட்டேன் அம்மா. குளிரவில்லை. நன்றாக இருக்கிறேன்.

அந்த அம்மாளின் முகம் சுருங்கி விரிந்தது. "நான் பத்து நாள் என்றுதான் சொன்னேன்" என்றார். "நீ அழுதாயா?"

நான் சொன்னேன். அக்கா, "இல்லம்மா. அழல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் கொரிய மொழியில் அழவில்லை என்றேன்.

அவர் இன்னும் ஏதேதோ பேசினார். பல் இல்லாத வாயில் பாதி எனக்கே புரியவில்லை. புரிந்தவரை சொன்னேன். தூங்கிப்போனார். மருமகள் போனைத் தன் பக்கம் திருப்பி, தலையைத் தாழ்த்தி வணங்கினாள். இணைப்பு போய்விட்டது. பன்னிரண்டு நாள் கழித்து அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

அன்று, போன் இருண்டதும் அக்கா எழுந்து பின்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டீ போட்டாள். எனக்கு ஒரு டம்ளர், அவளுக்கு ஒரு டம்ளர். எதிரே உட்கார்ந்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாம பண்ணது தப்பா?" என்றாள்.

எதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கடிதத்தையா, இப்போது பேசியதையா? இல்லை, நான் மாற்றிய அந்த வினைச்சொற்களையா? எதுவாக இருந்தாலும் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து, "வரேன்கா" என்றேன்.

"சரி, பாத்துப் போ" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.